லாயர பாக்காம ஃப்ளைட் ஏறாதீங்க தங்கச்சி

டெக்சாஸ்ல இருக்கற ஃபிரிஸ்கோவுக்கு எச்4-ல, அதாவது வீட்டுக்காரரோட வேலை விசாவ ஒட்டிக் குடுக்கற விசால வந்து ஒன்பது மாசம், வீட்டுக்காரர் "குழந்தை இங்க இருக்கட்டும், நீ ஊருக்குப் போ, டிவோர்ஸ் அப்புறம் பாத்துக்கலாம்"னு டிக்கெட் போட்டுட்டாரு, இங்க கேஸ் போட எனக்கு உரிமை உண்டான்னு கேட்டிருக்கீங்க. உண்டு. டெக்சாஸ்ல அதுக்கு விசா ஒரு தடையே இல்ல, ரெண்டு பேர்ல ஒருத்தர் 6 மாசம் ஸ்டேட்லயும் 90 நாள் அந்த கவுண்டியிலயும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) குடியிருந்தா போதும். குழந்தையும் 6 மாசத்துக்கு மேல இங்க இருக்கறதால கஸ்டடியும் இங்கதான் முடிவாகும்.

நீங்க கிளம்பிட்டா திரும்பி வர்றது பெரும்பாடு, ஏன்னா எச்4 அவரோட விசாவ நம்பி இருக்கு, அவர் பேப்பர் குடுக்கலன்னா பாஸ்போர்ட்ல புது விசா குத்தற ஸ்டாம்பிங் நடக்கறது கஷ்டம், அதுக்குள்ள குழந்தை என்கிட்டதான் வளருதுன்னு ஜட்ஜ் முன்னாடி போய் நின்னுடுவாரு. அதுக்காக கோவத்துல நீங்க குழந்தையத் தூக்கிட்டு சொல்லாம கிளம்பிடாதீங்க, அது அமெரிக்க சட்டப்படி குற்றமாகலாம், வேற நாட்டுக்குக் கூட்டிட்டுப் போன குழந்தையத் திருப்பி அனுப்பறதுக்கான ஹேக் ஒப்பந்தத்துலயும் இந்தியா இல்லாததால கோர்ட் இதுல ரொம்ப உஷாரா இருக்கும்.

கஸ்டடி பெரும்பாலும் ரெண்டு பேருக்கும் ஜாயிண்ட்டாதான் குடுப்பாங்க, சண்டையெல்லாம் குழந்தை யார் வீட்ல தங்கறதுங்கறதுலதான். இன்னொருத்தருக்கு மாசத்துல 1, 3, 5-வது வெள்ளிக்கிழமை தொடங்கற வீக்எண்ட், லீவுல 30 நாள், அப்படிப் போகும். டேகேர்ல தினமும் கையெழுத்துப் போட்டு கூட்டிட்டு வர்றது யாரு, டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட் யார் போடறாங்க, இதுக்கெல்லாம் ஆதாரத்த இப்பவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவருக்குத் தெரியாத மெயிலுக்கு அனுப்பி வைங்க.

குழந்தை உங்ககூட தங்கினா அதோட செலவுக்கு அவர் குடுக்கற சப்போர்ட், ஒரு குழந்தைக்கு அவர் கைக்கு வர்ற வருமானத்துல 20%, 2025 செப்டம்பர்ல இருந்து மாசம் 11,700 டாலர் வரைக்கும்தான் கணக்குல எடுப்பாங்க, அதாவது கைட்லைன்படி அதிகபட்சம் மாசம் 2,340 டாலர். கம்பெனியே சம்பளத்துல பிடிச்சு அனுப்பிடும், அவர்கிட்ட கை நீட்ட வேண்டாம். ஆனா உங்க செலவுக்குன்னு தனியா பெருசா எதிர்பாக்காதீங்க, பொதுவா கல்யாணமாகி 10 வருஷமாவது ஆகியிருக்கணும்னு கேப்பாங்க, இந்த ஸ்டேட் அதுல மகா கஞ்சம்.

ஃபைல் பண்ணி 60 நாளாவது ஆகணும், சண்டை போட்டா இன்னும் இழுக்கும். எச்4 ஃபைல் பண்ற அன்னிக்குப் போகாது, தீர்ப்பு வந்தாதான் போகும், அதனால இமிக்ரேஷன் லாயரயும் இப்பவே பாத்துடுங்க. கைல காசில்லன்னா டல்லாஸ்ல தெற்காசியப் பொண்ணுங்களுக்காகவே சேத்னான்னு ஒரு அமைப்பு இருக்கு, அடி உதை மிரட்டல்னு ஏதாவது இருந்தா தயங்காம அவங்களுக்கு போன் பண்ணுங்க. உங்க பாஸ்போர்ட், குழந்தை பாஸ்போர்ட் ரெண்டும் இப்ப யார்கிட்ட இருக்கு? அத மொதல்ல பாருங்க.