மெல்லிய இன்கோனல் தகட்டை எட்ச் செய்தால், அதாவது கரைசலால் அரித்து வெட்டினால், ஓரம் பல்பல்லாக வருகிறதே, அமிலத்தை மாற்றிப் பார்க்கலாமா?

வேண்டாம். அமிலத்தில் கை வைப்பதற்கு முன்னால் தகட்டைப் பாருங்கள்.

நீங்கள் எழுதியது இதுதான்: 0.2 மி.மீ. இன்கோனல் 718 (நிக்கல் கலவை) தகடு, இரண்டு பக்கமும் பிலிம் ரெசிஸ்ட் (அரிக்கக் கூடாத இடத்தை மூடும் படலம்), உலோகத்தைக் கரைக்க ஃபெரிக் குளோரைடு ஸ்ப்ரே. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நன்றாக ஓடும் அதே மெஷினில் இது மிக மெதுவாக நகர்கிறது, ஓரமும் கரடாக இருக்கிறது. ஹைட்ரோஃபுளோரிக்கும் நைட்ரிக்கும் கொஞ்சம் கலக்கலாமா, இல்லை லேசருக்கே போய்விடலாமா என்று கேட்கிறீர்கள். ‘கெமிக்கல் பலமாக இல்லை’ என்று மேலே யாரோ முடிவு கட்டிவிட்டு உங்களைத் துரத்துகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. அதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஹைட்ரோஃபுளோரிக். அது தோலைத் தாண்டி உள்ளே இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலி சில சமயம் மணிக்கணக்கில் தாமதமாகத்தான் தெரியும், அதற்குள் இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம். கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாத இடத்துக்குள் அது வரவே கூடாது. இன்னொன்று, பெரும்பாலான ஸ்ப்ரே மெஷின்களில் சூடேற்றும் சுருள் டைட்டானியம். ஃபெரிக் குளோரைடு அதை ஒன்றும் செய்யாது, ஹைட்ரோஃபுளோரிக் தின்றுவிடும். ‘நாங்கள் கலக்கிறோமே’ என்று யாராவது பின்னூட்டத்தில் சொல்லலாம். அதற்கென்றே கட்டிய லைனில் செய்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஸ்டீலுக்கு வாங்கிய மெஷினில் ஊற்றுவதைத்தான் சொல்கிறேன்.

வேகம் குறைவது இந்த உலோகத்தின் இயல்பு. 718-இல் பாதிக்கு மேல் நிக்கல், 17 முதல் 21 சதவீதம் குரோமியம், சுமார் 5 சதவீதம் நியோபியம், அப்புறம் மாலிப்டினம். குரோமியம் உண்டாக்கும் ஆக்சைடு படலம் அமிலத்துக்கு எளிதில் வழிவிடாது. அரிப்பைத் தாங்குவதற்காகவே உருவாக்கிய கலவையை நாம் அரிக்கப் பார்க்கிறோம், நேரம் எடுக்கத்தான் செய்யும். கன்வேயரை மெதுவாக்குங்கள், அல்லது இரண்டாம் முறை ஓட்டுங்கள். வெப்பத்தை 50 டிகிரியைத் தாண்டி ரொம்ப ஏற்றினால் ரெசிஸ்ட் தூக்கிக்கொள்ளும்.

சரி, ஓரத்துக்கு வருவோம். இந்தக் கலவைக்குள் துகள்களாக இருக்கும் நியோபியம் கார்பைடும் டைட்டானியம் நைட்ரைடும் ஃபெரிக் குளோரைடில் கரையாது. சுற்றியுள்ள உலோகம் கரைந்து போக, அந்தத் துகள்கள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். தடித்த பாகத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். 0.2 மி.மீ. தகட்டில் அதுவே ரிஜெக்ட்.

நான் வேலை பார்த்த இடத்தில் 718-இல் மெல்லிய சீல் வளையங்கள் ஓடின. ஒரு லாட் கண்ணாடி மாதிரி வந்தது, அடுத்த லாட்டின் ஓரம் முழுக்கச் சொரசொரப்பு. ‘பாத் பழசாகிவிட்டது’ என்றார் உற்பத்தி மேலாளர். புதுக் கரைசல் ஊற்றினோம், அதே சொரசொரப்பு. அடுத்து ஆபரேட்டர்கள் மேல் பாய்ந்தார், ரெசிஸ்டைச் சரியாக ஒட்டவில்லையாம். அது பொய் என்று எனக்குத் தெரியும். அவர்கள் தகட்டைத் தேய்த்துக் கழுவும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். கெட்ட லாட்டிலிருந்து உருட்டிய திசையில் ஒரு துண்டு, குறுக்கே ஒரு துண்டு வெட்டி, ரெசினில் பதித்து, பாலிஷ் செய்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். கார்பைடுகள் உருட்டிய திசையில் வரிசை கட்டி நின்றன. நல்ல லாட்டில் அவை பொடிப்பொடியாகச் சிதறிக் கிடந்தன. பிறகு பார்த்தால் இரண்டுக்கும் ஹீட் நம்பரே (ஒரே தடவை உருக்கி வார்த்த உலோகத்துக்குத் தரும் எண்) வேறு. சப்ளையர் இரண்டு வெவ்வேறு ஹீட்களின் தகட்டை ஒரே கட்டில் அனுப்பியிருக்கிறார். ஏ.எம்.எஸ். 5596 என்ற விமானத்துறைப் பொருள் தரத்துக்கு ஒத்துப்போகிறது என்று சான்றிதழில் இருந்தது. அது உண்மைதான், ஆனால் எட்ச் செய்தால் ஓரம் எப்படி வரும் என்று அந்தத் தரம் பேசுவதில்லை. வேறு ஹீட் தகடு வந்ததும் அதே பாத்தில், அதே வேகத்தில், ஓரம் சுத்தமாக வந்தது.

அந்தச் சான்றிதழ் கொள்முதல் பிரிவின் கோப்பில் முதல் நாளிலிருந்தே இருந்தது. எட்சிங் பிரிவுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் ‘கெமிக்கல் ஆட்கள்’, ட்ராயிங் பேசும் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். 0.2 மி.மீ. தகட்டில் 0.1 மி.மீ. துளை கேட்டு ட்ராயிங் வரும். துளை தகட்டின் தடிமனைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும், அமிலம் பக்கவாட்டிலும் அரிக்கும் என்பதை ஒப்பந்தம் முடிந்த பிறகு நாங்கள் போய் விளக்க வேண்டும். ரிஜெக்ட் வந்தால் மட்டும் முதல் கேள்வி எங்களுக்கு. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இது ஆறவில்லை.

லேசரைப் பற்றிக் கேட்டீர்கள். அதை மட்டமாகச் சொல்ல மாட்டேன். பத்து இருபது பாகம் என்றால் அதுதான் சீக்கிரம். ஆனால் ஓரத்தில் உருகி உறைந்த படலம் தங்கும், அதைத் தனியாக எடுக்க வேண்டும். எட்சிங்கில் வெப்பமும் இல்லை, பர்ரும் (வெட்டிய ஓரத்துப் பிசிறு) இல்லை. உலோகத்தை வலுவாக்க வயதாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட், அதுதான் 720, 620 டிகிரியில் வைப்பது, எட்சிங்குக்கு அப்புறம் நடக்கட்டும்.

கரைசலின் ஆக்சிஜனேற்றத் திறனை அளக்கும் ஓ.ஆர்.பி. மீட்டர் சரியாகக் காட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். பெராக்சைடும் ஹைட்ரோகுளோரிக்கும் விட்டு இரும்பை மறுபடி ஃபெரிக் நிலைக்கு மீட்டுவிடலாம், கரைந்த நிக்கல் அங்கேயேதான் இருக்கும். அது சேரச் சேர மீட்டர் நன்றாகக் காட்டும்போதே வேகம் விழும். நிக்கல் அளவைச் சோதித்து, கரைசலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புதிது சேர்க்க வேண்டும். எடுத்ததை முறைப்படி சுத்திகரிப்புக்கு அனுப்புங்கள், நிக்கல் சேர்மங்கள் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை.

இப்போது ஒரு பாகத்தை எடுத்து, உருட்டிய திசைக்கு இணையான ஓரத்தையும் குறுக்கு ஓரத்தையும் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஒன்றில் நீளக் கோடுகள், மற்றதில் புள்ளிகள் என்றால் பெரும்பாலும் தகடுதான் காரணம். இரண்டும் ஒரே மாதிரி கரடாக இருந்தால் ரெசிஸ்ட் ஒட்டுதலையும் நாசில்களையும் தேடுங்கள். இரண்டு படங்களையும் ஹீட் நம்பரோடு கேள்வியில் சேர்த்தால் மேற்கொண்டு சொல்கிறேன்.