கேள்வி–பதில்: கரி போன பின் மிஞ்சிய ஊர்கள்

சுரங்கம் மூடப்பட்ட பின் வெறிச்சோடிப்போன நிலக்கரி ஊர்களைப் பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கக் குறிப்பொன்று எழுதியிருந்தோம். அதையொட்டி வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டோம். மற்றைய கேள்விகள் அடுத்த இதழில் இடம்பெறும்.

கேள்வி: ஐயா, கனடாவில் கல்கரியில் இருக்கும் மகன் வரும் கோடையில் என்னைக் கூப்பிடுகிறான். பான்ஃப் மலைப்பக்கம் பாங்ஹெட் என்றொரு பழைய சுரங்க ஊருக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிப் படங்கள் அனுப்பியிருந்தான். அவற்றில் அத்திவாரமும் படிக்கட்டும் புல்லும்தான் தெரிகின்றன. 2010 இல் மீளக்குடியமர வந்தபோது எங்கள் வளவும் அப்படித்தான் கிடந்தது. அதை ஒருவரும் பார்க்க வரவில்லை. காசு செலவழித்துப் போய் இன்னொருவருடைய அத்திவாரத்தைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது? எனக்கு முழங்கால் நோவும் உண்டு. (வாசகி, விசுவமடு)

பதில்: அம்மா, முழங்காலிலிருந்தே தொடங்குகிறேன். பாங்ஹெட்டில் மேற்பகுதி, கீழ்ப்பகுதி என இரண்டு இடங்கள் உண்டு. சுரங்க வேலைத்தலம் இருந்த கீழ்ப்பகுதிக்கு வாகனத் தரிப்பிடத்திலிருந்து படிகளால் இறங்கவேண்டும். இறங்கிய பின் ஒரு கிலோமீற்றரளவு சுற்றுப்பாதை இருக்கிறது. குடியிருப்பும் தேவாலயமும் இருந்த மேற்பகுதியில் வாங்குகள் போட்டிருக்கிறார்கள். அங்கே வாகனத்தை விட்டு இறங்கிச் சிறிது நடந்தால் போதும். கல்கரியிலிருந்து பான்ஃப் நகரம் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். அங்கிருந்து மின்னிவாங்கா ஏரிக்குப் போகும் வீதியில் சற்று நேரத்தில் ஊர் வந்துவிடும். ஊரைப் பார்ப்பதற்கெனத் தனிக்கட்டணம் இல்லை. ஆனால் அது தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் பூங்கா நுழைவுச்சீட்டை மகன் பார்த்துக்கொள்ளட்டும். குளிர்காலத்தில் அந்த வீதியின் ஒரு பகுதி மூடப்படுவதால் கோடைதான் சரியான காலம்; ஏரிப்பக்கம் சனம் கூடுவதற்கு முன், காலையிலேயே போய்விடுங்கள்.

இனி, அங்கே என்ன இருக்கிறது என்பது. அந்த ஊரை அமைத்தது ஒரு தொடருந்து நிறுவனம். 1903 இல் கனடியன் பசிபிக் ரயில்வே, தன் துணை நிறுவனமொன்றின் மூலம் காஸ்கேட் மலையடியில் சுரங்கத்தைத் திறந்து, அதைச் சுற்றி ஊரையும் கட்டியது. எங்கள் முதியவர்கள் ‘கரிக்கோச்சி’ என்று சொன்ன வண்டிகளின் காலம் அது. மாங்குளம், பரந்தன் வழியாகக் காங்கேசன்துறை வரையான எங்கள் பாதை முழுமை பெற்றதும் 1905 இல்தான். பாங்ஹெட்டில் கரிப்படை மலையின் வயிற்றில் செங்குத்தாய்ச் சரிந்து செருகியிருந்தபடியால், மற்றச் சுரங்கங்களைப் போலக் கீழ்நோக்கித் தோண்டாமல், அடிவாரத்தில் நுழைந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டு போனார்கள். வெட்டிய கரி தன் பாரத்தாலேயே பீலிகளில் சரிந்து கீழே நின்ற வண்டிகளில் விழுந்தது. கெட்டித்தனமான ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கரி தொட்டாலே நொறுங்கும் சாதி. தூளாய்ப் போனதை வெளியிலிருந்து வாங்கிய கீல் சேர்த்து அழுத்திக் கட்டிகளாக்கி விற்றார்கள். அந்தச் செலவு ஆதாயத்தை அரித்தது. வேலைநிறுத்தங்களும் சேர்ந்துகொள்ள, 1922 இல் சுரங்கம் மூடப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்ந்த, மின்சாரமும் குழாய்நீரும் கண்ட ஊர் இருபது ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குப் பழக்கமானது. வீடுகள் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பான்ஃபுக்கும் வேறு ஊர்களுக்கும் கொண்டுபோகப்பட்டன. தேவாலயம் கல்கரிக்குப் போய்விட்டது. அதன் படிக்கட்டு மட்டும் மரங்களுக்கு நடுவே, எந்த வாசலுக்கும் போகாமல் நிற்கிறது. அந்தப் படியில் ஏறி நின்றபோது எனக்கு நினைவில் வந்தது 2008 இன் பரந்தன்–முல்லைத்தீவு வீதி: உழவு இயந்திரப் பெட்டியில் கூரைத்தகரம், நிலை, யன்னல், கோழிக்கூடு என்று வீட்டையே கழற்றி ஏற்றிக்கொண்டு போன சனங்கள். பாங்ஹெட்காரர் வேலை போனதால் போனார்கள், எங்களைக் கலைத்தது வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஆயினும் வெறும் அத்திவாரத்தைப் பார்த்து ‘இது குசினி, இது விறாந்தை, இந்தப் பக்கம் கிணறு இருந்திருக்கும்’ என்று சொல்லக்கூடிய கண் உங்களுக்கு இருக்கிறது. மற்றப் பயணிகளுக்கு அதற்கு விளக்கப்பலகை வேண்டும்.

கீழ்ப்பகுதியில் ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள். கரிக்கழிவுக் குவியல்களின் பக்கத்தில், சேம்பிலை போல அகன்ற இலையும் செந்நிறத் தண்டும் கொண்ட செடி நிற்கும். அதற்கு ருபார்ப் என்று பெயர். இலை நஞ்சு, புளிப்பான தண்டைச் சீனி போட்டு அவித்து உண்பார்கள். அது சீனத் தொழிலாளர் நட்டதன் வழிவந்தது. அவர்கள் மற்றவர்களுடைய வீடுகளுக்கு அருகில் குடியிருக்கவில்லை. இந்தக் கழிவுக் குவியல்களுக்குப் பின்னால் கொட்டில் போட்டு இருந்தார்கள். கரியிலிருந்து கல்லைப் பொறுக்கும் வேலை அவர்களுடையது, சம்பளமும் குறைவு. சீனர்கள் நாட்டுக்குள் வருவதற்குக் கனடா விதித்த தலைவரியை 500 டொலராக உயர்த்திய சட்டம் வந்ததும் 1903 இல், இந்த ஊர் பிறந்த அதே ஆண்டில். அந்த வரியைக் கட்டி மனைவி மக்களைக் கூப்பிடக் கூலிக்காரனால் முடியாது. சுரங்கம் மூடிய அடுத்த ஆண்டு, 1923 இல், சீனரின் வருகையையே ஏறக்குறைய முற்றாகத் தடுக்கும் சட்டம் வந்தது. தலைவரிக்காகக் கனடிய அரசு மன்னிப்புக் கேட்டது 2006 இல். கொட்டில்கள் இல்லை, செடி இருக்கிறது. ஆசைப்பட்டுக் கிழங்கைக் கிளப்பிவிடாதீர்கள், அம்மா. பூங்காவிலிருந்து எதை எடுத்தாலும் குற்றம், ஒரு கரித்துண்டுகூட.

கேள்வி: மகள் இலண்டனில் இருக்கிறாள். நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிப் பார்க்கக்கூடிய இடம் அங்கே உண்டாமே? பயமில்லையா? (வாசகர், வவுனியா)

பதில்: உண்டு. தென் வேல்ஸில் பிளேனாவன் என்ற ஊரில் ‘பிக் பிட்’ என்னும் சுரங்கம் 1980 இல் மூடப்பட்டு, 1983 இல் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டிலிருந்து அந்த நிலப்பகுதி உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. பிளேனாவன் பேயூர் அல்ல, சனம் இன்னும் வாழ்கிறது. ஆனால் இரும்பும் கரியும் நின்றபின் மெலிந்துபோன ஊர். தொழிலாளரை ஏற்றி இறக்கிய பழைய தூக்கிக்கூட்டில் 90 மீற்றர் கீழே இறக்குவார்கள். இறங்குமுன் தலைக்கவசம், விளக்கு, இடுப்பில் மின்கலம் எல்லாம் மாட்டிவிட்டு, கைபேசி, மின்கல மணிக்கூடு, தீப்பெட்டி ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கரிச்சுரங்கத்தில் மீதேன் வாயு கசியும் என்பதும், ஒரு பொறி போதும் என்பதுமே காரணம். கோவிலுக்குள் செருப்பைக் கழற்றுவதுபோல யோசிக்காமல் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். வழிகாட்டிகள் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள். காற்றுக் கதவுகளைத் திறந்து மூடுவதற்காகச் சிறுவர்கள் இருட்டில் மணிக்கணக்காகக் குந்தியிருந்த இடங்களை அவர்கள் வாயால் கேட்கவேண்டும். பத்து வயதுக்குக் குறைந்த பையன்களையும் பெண்கள் அனைவரையும் நிலத்துக்கடியில் வேலைக்கு வைப்பதைப் பிரித்தானியா தடைசெய்தது 1842 இல்தான். மூடிய இடத்தில் மூச்சு முட்டும் இயல்பு உங்களுக்கு இருந்தால் மேலே இருக்கும் தொழிலாளர் குளியலறைக் கண்காட்சியோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவும் நல்லதே.

கேள்வி: ஜப்பானில் கடல் நடுவே கைவிடப்பட்ட கட்டடங்கள் நிறைந்த தீவின் படங்களை நண்பர்கள் பகிர்கிறார்கள். அது உண்மையா? அங்கே ஏன் சண்டை? (உயர்தர மாணவன், மல்லாவி)

பதில்: உண்மைதான், தம்பி. ஹஷிமா என்பது அதன் பெயர். தூரத்தில் பார்த்தால் போர்க்கப்பல் போலத் தெரிவதால் ‘குன்கன்ஜிமா’ என்றும் சொல்வார்கள். நாகசாக்கிக்கு அப்பால், கடலடிக் கரியை எடுப்பதற்காக மிட்சுபிஷி நிறுவனம் 1890 இல் வாங்கிய தீவு. அதன் பரப்பு 6.3 ஹெக்டயர், அதாவது பதினைந்து ஏக்கர் சொச்சம். உங்கள் பக்கம் ஐந்து ஏக்கர் வயல் வைத்திருக்கும் மூன்று பேருடைய காணியைச் சேர்த்தால் அவ்வளவுதான். அந்தப் பரப்பில் 1959 இல் 5,259 பேர் வாழ்ந்தார்கள். 1916 இலேயே அங்கே கொங்கிறீற்றில் அடுக்குமாடி எழுந்தது, ஏனெனில் அகலமாகக் கட்ட நிலம் இல்லை, சூறாவளியும் அடிக்கும். எண்ணெய் கரியின் இடத்தைப் பிடித்தபோது சுரங்கத்தை மூடினார்கள்; 1974 ஏப்ரலில் கடைசிக் குடும்பமும் படகேறிவிட்டது. 2009 இலிருந்து படகில் கூட்டிப்போய், கட்டிவைத்த நடைபாதையில் மட்டும் நடக்கவிடுகிறார்கள். அலை பெரிதென்றால் இறக்கமாட்டார்கள்.

சண்டை கட்டடத்தைப் பற்றியது அல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொரியர்களும் சீனர்களும் அங்கே கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 2015 இல் யுனெஸ்கோ அந்தத் தீவை மெய்ஜிப் பேரரசர் காலத் தொழிற்புரட்சித் தலங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தபோது, அந்த வரலாற்றையும் விளக்குவதாக ஜப்பான் வாக்களித்தது. பின்னர் தோக்கியோவில் திறந்த தகவல் நிலையம் அந்த வாக்கை நிறைவேற்றவில்லை என்று 2021 இல் மரபுரிமைக் குழு கடுமையான வருத்தம் தெரிவித்தது. நீ பார்த்த படங்களில் இடிந்த யன்னல்கள் அழகாகத்தான் இருக்கின்றன. படத்தோடு இந்தச் செய்தியையும் சேர்த்துப் பகிர்ந்தால் நண்பர்கள் கோபிக்கமாட்டார்கள்.

கேள்வி: இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இருந்ததா? (வாசகி, மன்னார்)

பதில்: இல்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையம் எரிப்பது கப்பலில் வரும் கரி. நம் நாட்டில் தோண்டப்படுவது பென்சில் முனைக்குப் போகும் காரீயம். போகல, கஹட்டகஹ சுரங்கங்கள் பெயர்பெற்றவை. கரிச்சுரங்கமே இல்லாத நாட்டில் கரிச்சுரங்க ஊர்களைத் தேடிப் பயனில்லை. ஆனால் வேலை நின்று, ஆட்கள் போய், சுவர் மட்டும் நிற்கும் இடங்களுக்குக் குறைவில்லை. அடுத்த கேள்வி அதைப் பற்றியதே.

கேள்வி: எங்கள் ஊர் இரசாயனத் தொழிற்சாலையின் சிதைவையும் வெளிநாடுகளில்போல மரபுரிமையாகப் பேண முடியாதா? மாணவர்களை அழைத்துப் போகலாமா? (ஆசிரியர், பரந்தன்)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: உரிய அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அழைத்துப் போகாதீர்கள். இரசாயனம் கையாண்ட நிலம், துருப்பிடித்த கம்பி, போர் நடந்த மண் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதற்கே போதுமானது இருக்கிறது.

அந்தத் தொழிற்சாலை ஏன் பரந்தனில் வந்தது என்பதை மாணவர்களுக்கு ஒரு பாடவேளையில் காட்டிவிடலாம். பக்கத்தில் ஆனையிறவு உப்பளம். உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் எரிசோடாவும் குளோரினும் ஐதரசனும் கிடைக்கும். எரிசோடா சவர்க்காரத்துக்குப் போகும். கிணற்றுக்குப் போடும் குளோரின் மணத்தை எல்லாப் பிள்ளைகளும் அறிவார்கள். ஒரு குவளை உப்புத்தண்ணீர், இரண்டு பென்சில் முனை, ஒன்பது வோல்ற்று மின்கலம் ஒன்று: ஒரு முனையில் அந்த மணம் இலேசாக வரும்வரை யன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், வந்ததும் நிறுத்திவிடுங்கள். 1950களில் எழுந்த தொழிற்சாலை 1980களின் நடுவில் போரால் நின்றது. பரந்தனில் புதிய தொழில் வலயம் அமைப்பதாக அண்மைய ஆண்டுகளில் அரசு அறிவித்திருக்கிறது. அது வரட்டும், ஊருக்கு வேலை வேண்டும். பழைய சுவர் நிற்கவேண்டும் என்பதற்காக வேலைவாய்ப்பைத் தள்ளிவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. பாங்ஹெட்டில்கூடப் பெரும்பாலான கட்டடங்கள் போய்விட்டன. மிஞ்சிய, தொழிலாளரின் விளக்குகளை வைத்திருந்த கட்டடத்தின் சுவரும் மின்மாற்றிக் கட்டடமும் சில பலகைகளுமே ஊரைச் சொல்கின்றன.

ஆகவே கட்டடத்துக்கு முன் ஆட்களைப் பிடியுங்கள். 1985 அளவில் இருபத்தைந்து வயதில் அங்கே வேலை செய்தவருக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது; அதற்கு முந்திய தலைமுறையில் எத்தனை பேர் ஊரில் இருக்கிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பொறியியலாளரையும் முகாமையாளரையும் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். உப்பு மூடை சுமந்தவர், வாயிற்காவலர், சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அம்மா, 1958 இலும் 1977 இலும் அடிபட்டு மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வன்னிக்கு வந்து கூலிவேலைக்கு அலைந்தவர்கள் என எல்லோருடைய வாயிலிருந்தும் கதை வரவேண்டும். ஒரு கொப்பி, கைபேசியில் ஒலிப்பதிவு, ஆளுக்கு இரண்டு பிள்ளைகள் போதும். ‘தொழிற்சாலையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் எவரும் இரண்டு வசனத்தோடு நிறுத்திவிடுவார். வேலை தொடங்கச் சங்கு ஊதியதா, மணி அடித்ததா, எத்தனை மணிக்கு, வீட்டிலிருந்து எதில் போனார், மதியச் சாப்பாட்டை எங்கே குந்தியிருந்து சாப்பிட்டார் என்று கேட்கச் சொல்லுங்கள். முதற் கொப்பி நிரம்பியதும் பிரதியொன்றை எங்களுக்கு அனுப்புங்கள். பக்கம் ஒதுக்கி வைக்கிறோம்.