ஆர்கிட் ஹைப்ரிட் பேரு மாறிக்கிட்டே இருக்கே, எந்தப் பேரை நம்பி வளர்க்கறது?

அஸ்கோசென்டான்னு வாங்கின செடியை நெட்ல தேடினா வாண்டான்னு வருது, மொகாராவைத் தேடினா அராண்டான்னு வருது, கடைக்காரர் ஏமாத்திட்டாரா, லேபிளை மாத்திடவான்னு கேட்டிருக்கீங்க. ஏமாத்தலைங்க. செடிக்கு இருக்கற ரெண்டு பெயருமே சரிதான், ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. ஆனா அந்தப் பழைய லேபிளை மட்டும் தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுடாதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

நான் தக்கலை பக்கம். மொட்டை மாடியில ஷேட் நெட் கட்டி பன்னெண்டு வருஷமா வளர்க்கறேன், இப்ப எண்பது தொட்டி கிட்ட இருக்கும். இந்தப் பேரு விஷயத்துல முதல்ல காசை விட்டவளே நான்தான். பி.எல்.சி. அல்மா கீ 'டிப்மாலி'ன்னு ஒரு கேட்லியா வகை ஆர்கிட் (பி.எல்.சி.ங்கறது ஜீனஸ் பேரோட சுருக்கம்), மஞ்சப் பூ, சிவப்பு உதடு, பார்த்தா விடவே மனசு வராது, அதை வாங்கி ரெண்டு வருஷம் கழிச்சு ஆர்.எல்.சி. அல்மா கீ 'டிப்மாலி'ன்னு இன்னொண்ணு விக்கறதைப் பார்த்துட்டு, எழுத்து வேறயா இருக்கே, வேற செடி போலன்னு 850 ரூபா குடுத்து அதையும் வாங்கிட்டேன். ரெண்டும் ஒரே மாசத்துல பூத்துச்சு. அச்சு அசல் ஒரே பூ. வீட்டுக்காரர் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல, சிரிச்சாரு, அதுதான் ரொம்ப எரிச்சல்.

அன்னைக்குப் புரிஞ்சதுதான் உங்களுக்கும் பதில். ஹைப்ரிட்னா கலப்புச் செடி, அதோட பேருல முன்னாடி இருக்கறது ஜீனஸ், அதாவது பேரினம், அதுதான் மாறும். பின்னாடி இருக்கற 'அல்மா கீ', 'பிரின்சஸ் மிகாசா' இதெல்லாம் பொதுவா மாறாது. கல்யாணத்துக்கு அப்புறம் ரேஷன் கார்டுல அப்பா இனிஷியல், ஆதார்ல வீட்டுக்காரர் இனிஷியல்னு நம்ம அலையறோம்ல, ஆளு அதே ஆளுதானே, அந்தக் கதைதான். அந்தப் பின்பேரை கிரெக்ஸ்னு சொல்வாங்க. ரெண்டு குறிப்பிட்ட பேரன்ட்ஸைக் கிராஸ் பண்ணினா வர்ற பிள்ளைங்க எல்லாத்துக்கும் சேர்த்து அந்த ஒரே பேருதான், யார் எந்த நாட்டுல திரும்பப் பண்ணினாலும் அதேதான். அந்தப் பிள்ளைங்கள்ல ஒண்ணு ரொம்ப நல்லா பூத்து அதை டிஷ்யூ கல்ச்சர்ல (லேப்ல திசுவிலேர்ந்து) அச்சு அசலா பெருக்கினா, அந்தத் தனிச் செடிக்கு மேற்கோள் குறிக்குள்ள ஒரு பேரு, 'டிப்மாலி' அந்த ரகம்.

இங்கிலாந்துல சாண்டர்னு ஒரு ஆர்கிட் வியாபாரி 1906-ல ஹைப்ரிட் எல்லாத்தையும் பேரன்ட்ஸோட லிஸ்ட் போட்டு புத்தகமா கொண்டுவந்தாரு, 1961-லேர்ந்து அந்தப் பதிவு வேலையை லண்டன்ல இருக்கற ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி பார்க்குது. ஒரு லட்சத்துக்கு மேல ஹைப்ரிட் அதுல இருக்கு, ஆன்லைன்ல ஃப்ரீயா தேடலாம். கிரெக்ஸ் பேரை மட்டும் போட்டுத் தேடுங்க, ஜீனஸ் கட்டத்தைக் காலியா விடுங்க, பேரன்ட்ஸும் வந்துடும், இப்ப என்ன ஜீனஸ்னும் வந்துடும். அல்மா கீயை அன்னைக்கே அப்படித் தேடியிருந்தா எனக்கு 850 மிச்சம்.

சரி ஏன் மாத்தறாங்க? முன்னாடி பூவோட ஷேப்பைப் பார்த்து ஜீனஸ் பிரிச்சாங்க, அப்புறம் டிஎன்ஏ பார்க்க ஆரம்பிச்சதும் தனித்தனின்னு நினைச்சது ஒண்ணாவும் ஒண்ணுன்னு நினைச்சது தனியாவும் போச்சு. அஸ்கோசென்ட்ரம்னு குட்டிக் குட்டி ஆரஞ்சுப் பூ பூக்கற ஜீனஸ் ஒண்ணு இருந்துச்சு, அதையும் வாண்டாவையும் கிராஸ் பண்ணினதுதான் அஸ்கோசென்டா. 2012-ல அஸ்கோசென்ட்ரத்தையே வாண்டாக்குள்ள சேர்த்துட்டாங்க, அதோட அஸ்கோசென்டாவும் காலி, எல்லாம் வாண்டா. மொகாராங்கறது அராக்னிஸ், அஸ்கோசென்ட்ரம், வாண்டா மூணும் கலந்தது, நடுவுல இருந்தவரு வாண்டா ஆயிட்டதால மிச்சம் அராக்னிஸும் வாண்டாவும், அதுக்கு ஏற்கனவே இருந்த பேரு அராண்டா. டோரிடினாப்சிஸ் ஃபலனாப்சிஸ் ஆனதும் இதே கணக்குதான். பி.எல்.சி. ஆர்.எல்.சி. ஆன கதை இன்னும் சிக்கல், அதை விடுங்க.

இதுல வளர்க்கறவங்களுக்கு நிஜமாவே ஒரு நஷ்டம் இருக்கு, அதைப் பெரிய ஆளுங்க யாரும் பேசறதில்ல. அஸ்கோசென்டான்னு எழுதியிருந்தா பார்த்த உடனே தெரியும், செடி சின்னதா இருக்கும், வெயில் கொஞ்சம் கூடத் தாங்கும், வருஷத்துல ரெண்டு மூணு தடவை பூக்கும்னு. இப்ப வெறும் வாண்டான்னு எழுதினா, அது ரெண்டு அடி போற பெரிய செடியா, முக்காலடி செடியான்னு ஒண்ணும் தெரியாது. மொகாராவும் அப்படித்தான், அராக்னிஸ் ரத்தம் இருக்கறதால நல்ல வெளிச்சம் கேக்கும், நர்சரியில எல்லாரும் இன்னும் மொகாரான்னுதான் சொல்றாங்க, சொல்லட்டும். பழைய பேரு ஒருவகையில வளர்ப்புக் குறிப்புங்க, அதனாலதான் தூக்கிப் போடாதீங்கன்னேன்.

ஆனா ஒரு இடத்துல எனக்கு வாய் அடைச்சுப் போச்சு, அதையும் சொல்லணும். சிங்கப்பூரோட தேசிய மலர் வாண்டா மிஸ் ஜோக்கிம், 1893-ல அங்க ஆக்னஸ் ஜோக்கிம்ங்கற அம்மாவோட தோட்டத்துச் செடி. அதோட ஒரு கட்டிங் கிடைச்சதும் வாண்டாதானேன்னு மத்த வாண்டாக்களோட கூடையில போட்டு 50 சதவீத ஷேட் நெட்டுக்குக் கீழ (பாதி வெயில்தான் உள்ள வரும்) தொங்கவிட்டேன். ரெண்டு வருஷம். பச்சைப் பசேல்னு பென்சில் மாதிரி இலையா வளர்ந்துச்சு, பூ மட்டும் இல்ல. அப்புறம்தான் பார்க்கறேன், அதோட ஜீனஸை மாத்தி பாபிலியோனாந்தேன்னு வச்சிருக்காங்க. பட்டை இலை வாண்டா வேற, இந்த உருளை இலைக்காரங்க வேற, இதுக்கு முழு வெயில் வேணும், கம்பு நட்டு ஏத்திவிடணும், நுனி கம்பைத் தாண்டி வெயிலுக்குள்ள போனாத்தான் பூக்கும். நெட்டுக்கு வெளிய தொட்டியில கதம்பையும் செங்கல் துண்டும் போட்டு (கதம்பைன்னா தேங்கா மட்டை, எங்கூரு பேச்சு) ஆறடிக் கம்பு நட்டேன், அடுத்த வருஷம் பூத்துச்சு. அந்த ஒரு பேரு மாத்தத்தை மட்டும் முன்னாடியே மதிச்சிருந்தா ரெண்டு வருஷம் வீணாயிருக்காது.

இன்னொண்ணும் சொல்றேன். எங்க வீட்டு மாமரத்துல ஒரு செடி ஒட்டியிருந்துச்சு, அம்மா பார்த்துட்டு "புல்லுருவி பிடிச்சிருக்கு மக்களே, புடுங்கிப் போடு, மரம் பட்டுரும்"னாங்க. புல்லுருவி இல்ல, நம்ம ஊர்லயே வளர்ற வாண்டா டெசலேட்டா, மரத்துல சும்மா உக்காந்திருக்குமே தவிர அதுலேர்ந்து எதையும் உறிஞ்சாது. இதுக்கே பழைய புத்தகத்துல வாண்டா ராக்ஸ்பர்கின்னு பேரு. வாண்டாங்கற சொல்லே சமஸ்கிருதத்துல மரத்துமேல வளர்ற ஒட்டுச்செடியைக் குறிக்கற சொல்லுலேர்ந்து போனதுதான், அதனால அம்மாவை ரொம்பக் குத்தம் சொல்ல முடியாது. வாசனைக்குப் பேர்போன மிமி பால்மர்னு ஒரு ஹைப்ரிட் விக்கறாங்கள்ல, அதுக்கு ஒரு பேரன்ட் இந்த மாமரத்து ஆளுதான். அதுல உருளை இலை ரத்தமும் கொஞ்சம் இருக்கறதால அதை இப்ப பாபிலியோனாண்டான்னு மாத்திட்டாங்க. நான் வாண்டான்னுதான் கூப்பிடறேன், லேபிள்ல மட்டும் சரியா எழுதியிருக்கேன்.

லேபிள் விஷயத்துக்கு வர்றேன். பெர்மனன்ட் மார்க்கர் எங்கூரு வெயிலுக்கு ஒரு வருஷம்கூட நிக்காது, வெள்ளைப் பட்டைதான் மிஞ்சும். சாதா பென்சில் வருஷக்கணக்கா நிக்குது. இன்னும் நல்லது கூல் டிரிங்க்ஸ் டின்னைக் கீறி வெட்டின அலுமினியப் பட்டை, தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால அழுத்தி எழுதினா எழுத்து பள்ளமா விழுந்துடும், மழை வெயில் ஒண்ணும் பண்ணாது, விளிம்பு கையை அறுக்கும் பார்த்துக்கோங்க. அதுல கிரெக்ஸ் பேரைப் பெருசா எழுதுங்க, மேற்கோள் பேரு இருந்தா அது, வாங்கின வருஷம், அடியில ஜீனஸ் புதுசும் பழசும் பக்கத்துல பக்கத்துல. பின்பக்கம் பேரன்ட்ஸ். போன்லயும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, காக்கா லேபிளைப் பிடுங்கிட்டுப் போகும், எனக்கு ரெண்டு போயிருக்கு. பேரு பத்துத் தடவை மாறினாலும் தேடிக் கண்டுபிடிச்சிடலாம், லேபிள் போச்சுன்னா பூவோட போட்டோவைக் காட்டி யார்கிட்ட கேட்டாலும் "இதுவா இருக்கலாம்"னுதான் சொல்வாங்க, ஒரே மாதிரி பூக்கறது நூறு இருக்கு. நாளைக்கு நீங்களே கிராஸ் பண்ணினா பதிவும் பண்ண முடியாது, பேரன்ட் பேரு கேப்பாங்களே.

உங்க ரெண்டு செடிக்கு: அஸ்கோசென்டா கூடையில மீடியா (வேரைச் சுத்திப் போடற கரி, கதம்பை மாதிரி) எதுவும் வேணாம், இல்லன்னா நாலு கரித்துண்டு போதும், காலையில வேர் வெள்ளையிலேர்ந்து பச்சையாகற வரைக்கும் தண்ணி, வாரம் ஒரு தடவை 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராம். போர் தண்ணி உப்பா இருந்தா மழைத்தண்ணி பிடிச்சு வைங்க. மொகாராவை அதைவிட வெளிச்சமான பக்கம் தள்ளி வைங்க, ஆனா ஒரேயடியா வேணாம், ரெண்டு மூணு வாரமா கொஞ்சம் கொஞ்சமா, இலை கருகிடும். கூடையில தொங்கற அந்த லேபிளை இன்னைக்கே ஒரு போட்டோ எடுத்துடுங்க, பின்பேரு என்னன்னு கமென்ட்ல போட்டா பேரன்ட்ஸ் தேடித் தர்றேன்.