இரண்டாவது முறையும் சீதபேதி: எதிர்ப்பு சக்தி குறைவா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. நான்கு மாதங்களுக்கு முன் காய்ச்சலோடு ரத்தமும் சளியுமாக மலம் போனது. மலத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ‘ஷிகெல்லா ஃப்ளெக்ஸ்னெரி’ என்று வந்தது. மருந்தில் சரியானது. போன வாரம் மறுபடி அதே தொல்லை. இந்த முறை ‘ஷிகெல்லா சோனெய்’. ஒரு தடவை வந்தால் எதிர்ப்பு சக்தி வந்துவிடும் என்கிறார்களே, இவனுக்கு அது குறைவா? டானிக் கொடுக்கலாமா?

பதில்: கிருமியின் முழுப் பெயரை எழுதியது நல்லதாகப் போயிற்று. பலர் ‘ஷிகெல்லா’ என்பதோடு நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கான பதில் அந்த இரண்டாவது சொல்லில்தான் இருக்கிறது.

ஷிகெல்லாவில் நான்கு இனங்கள். உள்வகைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய ஐம்பது. ஒவ்வொன்றுக்கும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன மேலுறை வேறு வேறு. நம் உடம்பு கிருமியைப் பெரும்பாலும் அந்த மேலுறையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. முதல் முறை உங்கள் மகனின் உடம்பு எதுவும் கற்காமல் இல்லை. கற்றது ஃப்ளெக்ஸ்னெரியை. சோனெய் அதற்குப் புது ஆள்.

இன்னொன்று, வயது. தாயின் ரத்தத்திலிருந்து கருவிலேயே கிடைத்த எதிர்ப்புப் பொருட்கள் சில மாதங்களில் கரைந்துவிடும். தாய்ப்பாலில் வரும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் பொருள் குடலுக்குள் கிருமியைப் பிடித்து நிறுத்தும், ஆனால் பால் குடிக்கும் வரைதான். குழந்தை தானே தயாரிக்கும் ஐஜிஏ முழு அளவை எட்டப் பல வருடங்கள் ஆகும். அதிலும் வெறும் சர்க்கரை மேலுறையை நினைவில் வைத்துக்கொள்வது இரண்டு வயதுக்குள் சிரமம். வெறும் சர்க்கரை மேலுறையால் ஆன பழைய வகை டைபாய்டு தடுப்பூசியை இரண்டு வயதுக்குப் பிறகே போடுவதும், சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்த புதிய ஊசி ஆறு மாதத்திலேயே பலன் தருவதும் இதனால்தான்.

மலத்தில் வந்த ரத்தமும் சளியும் கிருமி மட்டும் செய்த வேலையும் அல்ல. அதை விரட்ட வெள்ளை அணுக்கள் குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு திரண்டு வருகின்றன. அந்தச் சண்டையில் சுவரும் புண்ணாகிறது. ஆக நீங்கள் பார்த்தது எதிர்ப்பு சக்தி இல்லாததன் அடையாளம் அல்ல.

சரி, டானிக்? வேண்டாம். பலன் உள்ளது ஜிங்க் (துத்தநாகச் சத்து): இவன் வயதில் தினமும் 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாட்கள். பேதி நின்றாலும் நாட்கணக்கை முடியுங்கள். பேதி இருக்கும்வரை ஓஆர்எஸ். அப்புறம் இரண்டு வாரம் வழக்கத்தைவிட தினம் ஒரு வேளை கூடுதல் உணவு. போன முறை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பல ஷிகெல்லாக்கள் பழைய மருந்துகளுக்கு மசிவதில்லை, கல்ச்சர் ரிப்போர்ட் காட்டும் மருந்தே சரி. பேதியைச் சட்டென நிறுத்தும் மாத்திரை குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

எதிர்ப்பு சக்தியைப் பரிசோதிக்கச் சொல்வது எப்போது? ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, ஆழமான சீழ்க்கட்டிகள் திரும்பத் திரும்ப வருவது, ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் போகாத வெண்படலம், எடை ஏறாமலே இருப்பது, குடும்பத்தில் இத்தகைய நோய். இவற்றில் எதையும் நீங்கள் எழுதவில்லை. அவன் எடை வயதுக்கேற்ப ஏறுகிறது என்றால், நான் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப மாட்டேன்.

வலிப்பு, அரை மயக்கம், சிறுநீர் மிகவும் குறைவது, குடிப்பதெல்லாம் வாந்தியாவது, வயிறு உப்பிக் கல்லாவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

குணமான பிறகும் சில வாரங்கள் மலத்தில் கிருமி வெளியேறலாம். பத்து முதல் நூறு கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே ஷிகெல்லா தொற்றிக்கொள்ளும். ஆகவே டயப்பர் மாற்றியதும் நீங்கள் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், அவன் கையையும் கழுவிவிடுங்கள்.