பூனை வந்த முயல் வீடு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் 3 வயதில் இரண்டு முயல்கள் இருக்கின்றன. போன வாரம் 8 மாதத் தெருப்பூனை ஒன்றைத் தத்தெடுத்தோம். அது நாள் முழுக்க முயல் கூண்டுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது. முயல்கள் ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை, அப்படியே இருக்கின்றன. பழகிவிட்டன என்று தோன்றுகிறது. கூண்டைத் திறந்துவிடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: தயவுசெய்து திறக்காதீர்கள். முயல் அசையாமல் இருப்பது பழக்கத்தால் அல்ல, பயத்தால். எதிரி தன்னைக் கவனிக்கக் கூடாது என்பதற்காக அது உறைந்துபோய் உட்காரும். உடம்பு பந்துபோலச் சுருங்கியிருக்கும், காது முதுகோடு ஒட்டியிருக்கும், கண் பிதுங்கியிருக்கும், விலா படபடவென்று ஏறி இறங்கும். பழகிய முயல் பின்னங்காலை நீட்டிச் சரிந்து படுக்கும், முகத்தைத் துடைத்துக்கொள்ளும். முக்கியமாக, பூனை கண்ணில் படும்போதே புல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். தின்கிறதா என்று பாருங்கள். அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

தட்டில் விழும் புழுக்கையையும் தினம் கவனியுங்கள். பயம் நீடித்தால் முயல் தின்பதைக் குறைக்கும், குடல் ஓட்டம் தளரும், புழுக்கை சிறுத்து எண்ணிக்கையும் குறையும். 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அவசரம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

இன்றே பூனையை வேறு அறைக்கு மாற்றுங்கள். 2 வாரம் கதவு மூடியே இருக்கட்டும். தெருவிலிருந்து வந்த பூனையிடம் குடற்புழு, தெள்ளுப்பூச்சி, காது உண்ணி, படர்தாமரை என்று ஏதாவது இருக்கக்கூடும். படர்தாமரை முயலுக்கும் வரும், உங்கள் பிள்ளைகளுக்கும் வரும். இந்த நாட்களில் டாக்டரிடம் காட்டி புழு மருந்து, தடுப்பூசிகளை முடித்துவிடுங்கள். கருத்தடையையும் தள்ளிப்போட வேண்டாம். 8 மாதம் ஆகிவிட்டதே. கூடவே வாசனையைப் பழக்குங்கள். பூனையின் கன்னத்தில் தேய்த்த பழைய துண்டை முயல் அறையின் ஒரு மூலையில் போடுங்கள், அவை படுக்கும் பெட்டிக்குள் வேண்டாம். முயல் படுத்த துண்டைப் பூனையின் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரியுங்கள். முயல் பின்னங்காலால் தரையில் ‘தட்’டென்று அடித்தால், துண்டு இன்னும் தள்ளிப் போக வேண்டும்.

அடுத்து, வலைக்கு இருபுறமும் பார்த்துக்கொள்வது. கடைக் கூண்டுகளின் கம்பி இடைவெளி பெரும்பாலும் ஓர் அங்குலம் இருக்கும். அதில் பூனையின் முன்னங்கால் சுலபமாக நுழைந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் கம்பி வலை வாங்கி வெளிப்பக்கம் கட்டுங்கள். மூன்று பக்கம் துணியால் மூடிவிட்டு, உள்ளே இரண்டு வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி வையுங்கள். ஒரே வாசல் என்றால் முயலுக்கு அது பொறிதான். பூனைக்கு 6 அடி தள்ளிச் சாப்பாடு வைத்து, தினம் இரண்டு முறை 10 நிமிடம் மட்டும் பார்க்க விடுங்கள். முயல் நிம்மதியாகத் தின்றால் மறுநாள் அரை அடி நெருங்கலாம். தின்னவில்லையென்றால் முந்தைய தூரத்துக்கே திரும்புங்கள்.

கடைசியாகத்தான் நேருக்கு நேர். பூனைக்கு நக நுனியை வெட்டி, ஹார்னஸ் (மார்புப் பட்டை) மாட்டிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் தரையில் முயலின் கால் வழுக்கும். பதறி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியலாம், அவ்வளவு மெல்லிய எலும்பு. ஆகவே ஜமுக்காளம் விரியுங்கள். அதிகாலையும் அந்தியும் இரண்டுக்குமே துள்ளும் நேரம், அப்போது வேண்டாம். பகலில், பூனையை 15 நிமிடம் நன்றாக விளையாட விட்டு, வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு தரையோடு தாழ்ந்து, கண்மணி விரிந்து, வால் நுனி மட்டும் துடித்து, பின்பக்கம் லேசாக ஆடினால் அடுத்த நொடி பாய்ச்சல். கத்தாதீர்கள், முயல்தான் மிரளும். பக்கத்தில் தயாராக வைத்திருக்கும் பெரிய அட்டையைக் குறுக்கே இறக்கி, பூனையை வெளியே கொண்டுபோங்கள்.

ஒரு மாதத்துக்குள் முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எலி, அணில் பிடித்துத் தின்று வளர்ந்த பூனை கடைசிவரை ஒத்துவராமலும் போகலாம். அப்படியானால் தனித்தனி அறைகள்தான், அதில் குறை ஒன்றும் இல்லை. நன்றாகப் பழகியிருந்தாலும் இரவிலும் நீங்கள் வெளியே போகும்போதும் நடுவில் தாழிட்ட கதவு இருக்கட்டும்.

கேள்வி: பூனைக்குத் தெள்ளுப்பூச்சி போகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து மீதம் இருக்கிறது. முயலுக்கும் விடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: டப்பாவில் ஃபிப்ரோனில் என்று இருந்தால் ஒரு சொட்டுகூடக் கூடாது. முயலுக்கு அது நஞ்சு. வலிப்பு வந்து இறந்துபோகலாம். முயலுக்கு டாக்டர்கள் செலாமெக்டின் போன்ற வேறு மருந்தை எடை பார்த்து அளவு சொல்லிக் கொடுப்பார்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: பூனைக்கு மருந்து விட்ட பிறகு 2 நாள் முயலை அதன் அருகே விடாதீர்கள். பழகிய முயல் பூனையின் கழுத்தை நக்கிவிடும்.

கேள்வி: பூனை நகம் பட்டு முயலின் முதுகில் சின்னக் கீறல். ரத்தம்கூட இல்லை. மஞ்சள் தடவினால் போதுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: போதாது. மேலே கடுகளவு தெரியும் துளை உள்ளே ஆழமாகப் போயிருக்கலாம். பூனையின் வாயிலும் நகத்திலும் உள்ள பாஸ்டுரெல்லா கிருமி தோலுக்கடியில் சீழ் கட்ட வைக்கும். முயலின் சீழ் ஒழுகாது, கெட்டித் தயிர் போல உறைந்து நிற்கும். அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். முடியை விலக்கி, நார்மல் சலைன் (மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு நீர்) விட்டுக் கழுவிவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான்.

வீட்டில் இருக்கும் அமாக்சிசிலினைக் கரைத்துப் புகட்டிவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்து வாய்வழியாகப் போனால் முயல் குடலின் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும்; அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட கிருமி பெருகி, பேதி கண்டு முயல் சாகும். யாராவது இந்த மருந்தை எழுதித் தந்தாலும், “முயலுக்குத்தானே எழுதியிருக்கிறீர்கள்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: முயலின் புல் பெட்டியில் பூனை மூத்திரம் போகிறது, முயலோ பூனையின் சாப்பாட்டைத் தின்கிறது. என்ன செய்வது?
– வாசகர், தாம்பரம்

பதில்: புல்லைத் தரையில் குவிக்காமல் சுவரில் மாட்டும் கம்பிக் கூடையில் வையுங்கள். அசுத்தமான புல்லை உதறிப் போடாதீர்கள், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். பூனை மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி முயலையும் தாக்கும். அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால் பூனை மலம் கழிக்கும் மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். ஈரம் பட்டால் கட்டிபிடிக்கும் மணலை முயல் தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். ஆகவே அந்தத் தட்டு முயல் போகாத இடத்தில் இருக்கட்டும். பூனைச் சாப்பாட்டில் புரதமும் கொழுப்பும் முயல் வயிற்றுக்கு மிக அதிகம். 3 அடி உயர அலமாரியில் வைத்தால் பூனை ஏறித் தின்னும், முயலுக்கு எட்டாது.