கூலருக்குள் யார் பாட்டில்?

அன்புள்ள ஐயா,

ஒரு பெரிய குளிர்பான நிறுவனத்தில் விற்பனைப் பிரிவு வேலைக்கு நேர்காணல் போயிருந்தேன். முதல் சுற்று நன்றாகவே போனது. இரண்டாவது சுற்றில் ஏரியா மேனேஜர், "நாம் கொடுத்த கூலருக்குள் கடைக்காரர் போட்டி நிறுவனத்தின் பாட்டில்களை அடுக்கியிருக்கிறார். என்ன செய்வீர்கள்?" என்றார். ஒப்பந்தத்தைக் காட்டி எடுக்கச் சொல்வேன் என்றேன். "மாதக் கடைசி, டார்கெட் எட்டவில்லை, டிஸ்ட்ரிபியூட்டர் சரக்கு வேண்டாம் என்கிறார்?" என்று அடுத்த கேள்வி. பேசிச் சம்மதிக்க வைப்பேன் என்றேன். சிரித்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். வேலை கிடைக்கவில்லை. எனக்கு வாய்ச்சாலம் போதவில்லை என்று நினைக்கிறேன். இந்தத் துறையில் பல வருடம் இருந்தவர் நீங்கள். அதிகம் பேசாதவனுக்கு இது சரிப்படுமா?

(பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொன்ன இரண்டு பதிலுமே பேச்சை நம்பியவைதான். அவர் உங்களிடம் எதிர்பார்த்தது, நீங்கள் திருப்பி நாலு கேள்வி கேட்பதை.

கூலரையே எடுத்துக்கொள்வோம். குளிர்பானம் வாங்க வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்து வருகிறவர்கள் குறைவு. கண்ணில் பட வேண்டும், ஜில்லென்று இருக்க வேண்டும், அப்போதுதான் கை நீளும். அதனால்தான் நிறுவனங்கள் தங்கள் செலவில் கூலர் வாங்கிக் கடைகளில் வைக்கின்றன. ஆனால் கரண்ட் பில் பெரும்பாலும் கடைக்காரர் தலையில். வர வேண்டிய நாளில் நம் ஆள் வராவிட்டால் தட்டு காலியாகிவிடும். காலித் தட்டைக் குளிர வைக்க அவருக்கென்ன தலையெழுத்தா? கையில் இருப்பதை அடுக்கத்தான் செய்வார். ஆகவே முதலில் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். எந்த அளவு பாட்டில் தீர்ந்திருக்கிறது, கடைசி ஆர்டர் எப்போது, கேட்ட சரக்கு வந்து சேர்ந்ததா, தேதி முடிந்ததை மாற்றிக் கொடுத்தோமா? ஒப்பந்தமெல்லாம் அப்புறம். வந்த உடனே காகிதத்தை நீட்டுகிறவருக்கு அடுத்த வாரம் ஆர்டர் விழாது.

டிஸ்ட்ரிபியூட்டர் கேள்வி இன்னும் கொஞ்சம் விஷமமானது. நிறுவனம் அவருக்கு விற்பது பிரைமரி, அவர் கடைகளுக்கு விற்பது செகண்டரி. மாதக் கடைசியில் பிரைமரியைத் தள்ளிவிட்டு டார்கெட்டை எட்டிவிடலாம், சரக்கு என்னவோ அவர் குடோனில்தான் உட்கார்ந்திருக்கும். பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்து வாயு மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும், சின்ன பாட்டிலில் இன்னும் சீக்கிரம். அதனால் அவற்றுக்கு ஆயுசு குறைவு. அடுத்த மாதம் அவர் ஆர்டர் போட மாட்டார், பழைய தேதிச் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்வார். "குடோனில் எத்தனை நாள் சரக்கு இருக்கிறது, இந்த மாதம் எந்தெந்தக் கடைகள் ஆர்டரே போடவில்லை?" என்று நீங்கள் கேட்டிருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்கும். (வேலையில் சேர்ந்தபின் அதே மேனேஜரே "எப்படியாவது தள்ளுப்பா" என்று போன் செய்யக்கூடும். அது தனிக் கதை.)

பேசாதவனுக்குச் சரிப்படுமா என்றால், தாராளமாக. கடைக்காரர் நாள் முழுக்க பேசுகிறவர்களைத்தான் பார்க்கிறார். சொன்ன நாளில் வந்து, சொன்ன சரக்கைக் கொடுத்து, ஷெல்ஃபில் பழைய தேதியை முன்னால் நகர்த்தி வைத்துவிட்டுப் போகிறவர் அவருக்குப் போதும். அடுத்த முறை, வாய்ப்பிருந்தால், ஒரு நாள் விற்பனைப் பிரதிநிதியோடு ரூட்டில் போய்ப் பார்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள். பல இடங்களில் அதையே ஒரு சுற்றாக வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு எடுப்பது யார் என்று விசாரித்தீர்களா? 1899-இலேயே கோகோ கோலா, அமெரிக்காவின் பெரும்பகுதியில் தன் பானத்தைப் பாட்டிலில் அடைக்கும் உரிமையை ஒரே ஒரு டாலருக்கு இரண்டு வழக்கறிஞர்களுக்கு எழுதிக் கொடுத்தது. பானத்தின் மூலச்சரக்கைச் செய்வது ஒரு நிறுவனம், பாட்டிலில் அடைத்து விற்பது இன்னொன்று என்ற ஏற்பாடு இன்றும் பரவலாக உண்டு. சில இடங்களில் சம்பளம் தருவது டிஸ்ட்ரிபியூட்டராகவோ ஏஜென்சியாகவோ இருக்கும். யாருடைய சம்பளப் பட்டியலில் என் பெயர், இன்சென்டிவ் பிரைமரிக்கா செகண்டரிக்கா, வண்டிச் செலவு யாருடையது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லி டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி, எழுந்து வந்துவிடுங்கள்.