அப்பாருவைக் கனவாக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

வெள்ளகோவில் பக்கம் எங்கள் ஊர். முதல் நாவலை எழுதி முடித்திருக்கிறேன். இறந்துபோன அப்பாரு (தாத்தா), எங்கள் பாசன மண்டலத்துக்குப் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்து (பிஏபி) தண்ணீர் திறக்கும்போதெல்லாம் மண்வெட்டியோடு வந்து மடை திருப்புகிறார். அதுதான் கதை. ஒரு பதிப்பாளர் படித்துவிட்டு, ‘இதைப் பேத்தியின் கனவாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள்’ என்கிறார். அச்சுச் செலவில் பாதியும் கேட்கிறார். மாற்றலாமா? பணம் கொடுக்கலாமா? மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள அம்மிணிக்கு,

மாற்ற வேண்டாம். கனவில் யார் வேண்டுமானாலும் வந்து போகலாம், அதனால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. இறந்தவர் நிஜமாகவே மடையைத் திருப்பினால் பக்கத்துக் காட்டுக்காரருக்குத் தண்ணீர் குறையும், வாய்க்கால் மேட்டில் சண்டை வரும், பங்காளிகள் பேச்சை நிறுத்துவார்கள். உங்கள் நாவல் இருப்பதே அங்கேதான்.

யாரும் நம்பமாட்டார்கள் என்பதையும் நான் ஏற்கவில்லை. காங்கேயம் பக்கத்துச் சிவன்மலையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்தர் ஒருவரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்கிறார். அவர் கோயிலில் வந்து தெரிவிக்கிறார். உடனே ஏற்றுக்கொள்வதில்லை. சாமி முன்னால் பூப்போட்டுப் பார்க்கிறார்கள். உத்தரவு கிடைத்தால்தான் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும், அடுத்த உத்தரவு வரும்வரை அங்கேயே இருக்கும். தண்ணீர் வைத்தபோதுதான் சுனாமி வந்தது என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள். கனவுக்கே இத்தனை விசாரணை நடக்கிற ஊர் நம்முடையது. இங்கே அதிசயம் நிற்பது அதைச் சுற்றியுள்ள நடைமுறையால்தான்.

அவிநாசியில் சுந்தரர் பதிகம் பாடியதும், முன்பு விழுங்கிய பிள்ளையை முதலை திருப்பிக் கொடுத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிள்ளை விழுங்கப்பட்ட வயதில் திரும்பவில்லை, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான். முதலை பிள்ளையைத் தந்தது என்பதை விட, அந்த வயதுக் கணக்கை விடாமல் பார்த்துச் சொன்னவர்களின் அக்கறைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

உங்கள் அத்தியாயங்களில் குறைவது அந்தக் கணக்குதான். அப்பாரு வந்ததும் ‘எல்லோரும் திகைத்து நின்றார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். பிஏபி பாசனம் சுமார் 3.77 லட்சம் ஏக்கர், நான்கு மண்டலங்கள், சுழற்சி முறை. தண்ணீர் திறப்புக்கு அரசாணை வரும். அப்படியென்றால் அப்பாரு வரப்போவது ஊருக்கே முன்கூட்டித் தெரியுமே! சாளை வீட்டை யார் கூட்டி வழித்து வைக்கிறார்கள்? கம்மஞ்சோறு யார் கரைக்கிறார்கள்? போன முறை வந்தபோது வாங்கிய கைமாத்தை யாராவது கேட்பார்களா? அவர் காலத்துக் கிணறு வற்றிக் கிடக்கிறது, சுற்றிலும் ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து அவர் என்ன சொல்வார்? இவற்றை எழுதுங்கள், நம்பிக்கை தானாக வரும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத வருடம் அவர் என்ன செய்கிறார் என்பதைப் படிக்க ஆவலாக இருக்கிறேன். அது தனி அத்தியாயமாகவே வரலாம்.

அப்புறம், அதிசயமும் அன்றாடமும் கலந்த கதை என்பதற்காகப் பின்னட்டையில் ‘மாய யதார்த்த நாவல்’ என்று போடவேண்டாம். 1925இல் பிரான்ஸ் ரோ என்ற ஜெர்மானியர் ஓவியங்களைப் பற்றிச் சொன்ன பெயர் அது, பிறகு லத்தீன் அமெரிக்க எழுத்தோடு சேர்ந்துகொண்டது. விமர்சகர்களுக்குப் பயன்படும். உங்கள் வாசகருக்கு அப்பாரு போதும்.

பணம் பற்றி. பாதிச் செலவு உங்களுடையது என்றால், எத்தனை பிரதி அச்சாகும், விற்காத பிரதிகள் யாரிடம் இருக்கும், உரிமை எவ்வளவு காலம் யாரிடம் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். எழுதித் தராவிட்டால் கொடுக்காதீர்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கென்று தனியாகக் காசு கேட்டால் மறுத்துவிடுங்கள், இந்தியாவில் அதை அரசு இலவசமாகவே தருகிறது. நீங்களே வெளியிடுவதானால் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் குறைந்த பிரதிகளோடு தொடங்கலாம். 16 பக்கம் ஒரு பாரம் என்பதால் 240 பக்கம் 15 பாரம் வரும், அச்சகத்தில் அப்படிக் கேட்டால் விலை சொல்லிவிடுவார்கள். ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டில் வரும். அதற்காக அவசரப்பட வேண்டாம், அடுத்த ஆண்டும் ஆகஸ்ட் உண்டு.

மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தியதும் அனுப்புங்கள், படிக்கிறேன்.